குழுவை விட்டு வெளியேறிய பிள்ளை: நமது வகுப்பறைகளுக்கு எப்படிப்பட்ட மென்பொருள் வேண்டும்?

கடந்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாட்களில், தரம் 10 மாணவி ஒருவரின் தாய் என்னைச் சந்திக்கப் பாடசாலைக்கு வந்தார். நான் அந்த வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிப்பவன். "ஒப்படைகள் ஒன்றும் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று பிள்ளையின் கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தேன். அதற்கு விளக்கம் சொல்லவே வந்திருந்தார்.

"சேர், குறூப்ல இருந்தது என்ட நம்பர். தெரியாத ஆக்கள் கோல் எடுக்கத் தொடங்கிட்டாங்க. இவட வாப்பா கட்டார்ல. நான் ஒருத்தருக்கும் சொல்லாம குறூப்ப விட்டு வெளியாகிட்டேன். புள்ளையும் வெட்கத்துல உங்கள்ட்ட கேக்கல்ல" என்றார்.

எப்போது வெளியேறினீர்கள் என்று கேட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என்றார். கணக்குப் பார்த்தால் மூன்று மாதங்களுக்கு மேல்.

அந்த வட்ஸ்அப் குழுவை உருவாக்கியவன் நான்தான். ஒவ்வொரு கிழமையும் பாடக்குறிப்பையும் ஒப்படையையும் அதில் போட்டுவிட்டு, மறுநாள் வகுப்பில் "குழுவில் போட்டிருக்கிறேன், பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 41 பிள்ளைகளில் ஒருவர் குறைந்துபோனது எனக்குத் தெரியவே இல்லை. அந்தத் தாய் எழுந்து சென்ற பிறகு, தொழில்நுட்பம் கற்பிக்கும் நானே தொழில்நுட்பத்தைத் தவறாகப் பயன்படுத்தி ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

வட்ஸ்அப் எப்படி வகுப்பறையானது?

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனா காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சு தொலைக்காட்சிப் பாடங்களை ஆரம்பித்தது. சிங்களத்தில் சனல் ஐயிலும் தமிழில் நேத்ராவிலும் அவை ஒளிபரப்பாகின. ஸூம் வகுப்புகளும் நடந்தன. ஆனால் பெரும்பாலான அரச பாடசாலைகளில் ஆசிரியரையும் மாணவரையும் நாளாந்தம் இணைத்தது வட்ஸ்அப்தான். காரணம் எளியது. அது ஏற்கனவே எல்லோருடைய தொலைபேசியிலும் இருந்தது. புதிதாக ஒன்றும் கற்கத் தேவையிருக்கவில்லை, டேட்டாவும் குறைவாகவே செலவானது.

இலங்கையில் கணினி உள்ள வீடுகள் குறைவு. 2019ஆம் ஆண்டுக்கான தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒன்றில்தான் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்தது. ஆகவே இணையவழிக் கல்வி என்பது நடைமுறையில் கையடக்கத் தொலைபேசிக் கல்வியாகவே இருந்தது. பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டுக்குள் பாறை மேல் ஏறிப் பாடம் நடத்திய செய்தி 2021இல் உலகச் செய்தியானது.

பின்னர் 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அந்தப் போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. 2022இல் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தன. ஜூன், ஜூலை மாதங்களில் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோதும் பாடசாலைகள் மூடப்பட்டன, வெள்ளம் புகுந்த வீடுகளில் பிள்ளைகளின் கொப்பிகளும் போயின. ஒவ்வொரு தடவையும் நாம் திரும்பிப் போனது அதே வட்ஸ்அப் குழுவுக்குத்தான். அவசரத்துக்குக் கட்டிய கொட்டிலையே நிரந்தரக் கட்டடமாக்கிக்கொண்டோம்.

வட்ஸ்அப் செய்தி பரிமாறுவதற்கான ஒரு செயலி. அதில் நல்ல பாடக்குறிப்பு ஒன்றைப் போட்டால், இரண்டு நாளில் "ஜும்ஆ முபாரக்" படங்களுக்குக் கீழே அது புதைந்துவிடும். தொலைபேசி உடைந்தால் அத்தனையும் போய்விடக்கூடும். ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், அது பாடத்தைப் படித்துவிட்டு அமைதியாக இருக்கிறதா, பார்க்கவே இல்லையா என்பதை ஆசிரியர் இலகுவில் அறிய முடியாது.

கற்றல் முகாமைத்துவ முறைமை என்றால் என்ன?

பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் சிறியது. எந்த ஆசிரியரிடமும் நான்கு பொருட்கள் உண்டு: வரவு இடாப்பு, பாடக்குறிப்பு, பிள்ளைகளின் ஒப்படைக் கொப்பிகள், புள்ளிப் புத்தகம். இந்த நான்கையும் ஓரிடத்தில் வைத்து ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருளே கற்றல் முகாமைத்துவ முறைமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கப்படும். பாடங்கள் அலகு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளை எந்தப் பாடத்தைத் திறந்தது, எந்த ஒப்படையைச் செய்தது, எந்த வினாவில் பிழைத்தது என்பவை ஆசிரியருக்கு ஓர் அட்டவணையாகத் தெரியும்.

உலகில் பரவலாகப் பயன்படும் இத்தகைய மென்பொருட்களில் ஒன்று மூடில். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் அதை உருவாக்கி 2002இல் முதற் பதிப்பை வெளியிட்டார். அவர் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்து, வானொலி வழியாக ஆரம்பப் பாடம் கற்றவர். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் நிலை அவருக்குச் சொந்த அனுபவம். மூடில் கட்டற்ற மென்பொருள், அதற்கு அனுமதிக் கட்டணம் கிடையாது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கற்றல் தளங்கள் மூடிலில்தான் இயங்குகின்றன.

கல்வி அமைச்சிடமும் ஈ-தக்சலாவ என்ற தேசியத் தளம் இருக்கிறது. தக்சலாவ என்பது பண்டைய தட்சசீலத்தின் சிங்களப் பெயர். தரம் 1 முதல் 13 வரையான பாடங்களை மும்மொழியிலும் தருவதற்காக அமைக்கப்பட்டது. அதன் பாடப் பக்கங்களும் மூடில் மென்பொருளின் மீது இயங்கிவந்தவையே. 2014இல் அறிமுகமான கூகுள் கிளாஸ்ரூம் இன்னொன்று. பயன்படுத்த இலகுவானது, ஆனால் எப்போதும் இணையம் வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் கூகுள் கணக்கு வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கணக்குத் திறக்க முடியாது. பாடசாலையோ பெற்றோரோ திறந்து கொடுக்க வேண்டும்.

எது சிறந்தது என்ற கேள்வியை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பின்தங்கும் பிள்ளையை அது எனக்குக் காட்டுமா? என்னைப் பொறுத்தவரை அந்த அட்டவணையில் நிரம்பியிருக்கும் கட்டங்களை விட வெறுமையாக இருக்கும் கட்டங்களே பெறுமதியானவை. வட்ஸ்அப்பில் வெறுமை கண்ணுக்குத் தெரியாது. இங்கே தெரியும்.

வகுப்பறையில் நடந்தது

அந்தத் தாய் வந்து சென்ற பின்னர் அதிபரின் அனுமதியோடு ஒரு சிறு முயற்சி செய்தேன். கணினி அறையில் இருந்த பழைய கணினி ஒன்றில் மூடிலை நிறுவி, சாதாரண ரவுட்டர் ஒன்றின் மூலம் ஏனைய கணினிகளோடு இணைத்தேன். இதற்கு இணையம் தேவையில்லை. அறைக்குள் இருக்கும் கணினிகள் அந்த ஒரு கணினியோடு பேசிக்கொள்ளும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து தொலைபேசியில் செய்யும்படி விடாததற்குக் காரணம் இருக்கிறது. நமது நகரத்தில் ஜமாலியாவிலும், வடக்கே நிலாவெளிப் பக்கத்திலும் கடற்றொழிலை நம்பிய குடும்பங்கள் பல. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட் தொலைபேசி வாப்பாவோடு கடலுக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி, அதிலும் முதலிடம் உயர்தரம் படிக்கும் நானாவுக்கு. வீட்டுத் தொலைபேசியை நம்பிப் பாடம் நடத்தினால் வறிய பிள்ளைதான் முதலில் விடுபடும். கணினி அறையில் எல்லாப் பிள்ளைகளும் சமம்.

முதலில் எடுத்த பாடம் எண் முறைமைகள். 13 என்ற பதின்ம எண்ணை இரும எண்ணாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டால் தொடர்ந்து வகுத்தால் மீதிகள் முறையே 1, 0, 1, 1 என வரும். கீழிருந்து மேலாக வாசித்தால் 1101, அதுவே சரியான விடை. மேலிருந்து கீழாக வாசிக்கும் பிள்ளை 1011 என்று எழுதும். அது 11இன் இரும எண். ஐந்து பல்தேர்வு வினாக்கள் தயாரித்து, அந்தப் பிழையான விடையையும் தெரிவுகளில் வேண்டுமென்றே சேர்த்தேன்.

வினாக்களைச் செய்து முடித்த உடனேயே முடிவு வந்தது. 17 பிள்ளைகள் 1011ஐத் தெரிவு செய்திருந்தார்கள். நான் கரும்பலகையில் விளக்கியபோது எல்லோரும் "விளங்கிச்சு சேர்" என்றவர்கள்தான். 41 கொப்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தியிருந்தால் இதை ஒரு கிழமை கழித்துக் கண்டுபிடித்திருப்பேன். அதற்குள் அடுத்த அலகுக்குப் போயிருப்பேன். அன்று மறு பாடவேளையிலேயே அந்த 17 பேரையும் தனியாக வைத்து மீதியை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது, ஏன் அப்படி வாசிப்பது என்று மறுபடி கற்பித்தேன். மென்பொருள் கற்பிக்கவில்லை. யாருக்கு, எதை மறுபடி கற்பிக்க வேண்டும் என்று காட்டியது.

முதல் கிழமை முடிவில் அட்டவணையில் நான்கு பேருக்கு எதிரே கட்டங்கள் வெறுமையாக இருந்தன. நால்வரையும் அழைத்துப் பேசினேன். ஒருவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டுச் சொல்லக் கூச்சப்பட்டவர். ஒருவர் டியூசனுக்கு ஓடுவதால் பாடசாலை முடிந்த பின் நிற்காதவர். ஒருவர் கிழமையில் இரண்டு நாள் வாப்பாவோடு கடலுக்குப் போவதால் பாடசாலைக்கே வராதவர். நான்காவது பிள்ளைக்கு வினாவை வாசிக்கவே சிரமமாக இருந்தது. தரம் 10 வரை வந்துவிட்ட பிள்ளை! நாற்பது பேர் உள்ள வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியே காலம் கடத்தியிருக்கிறது.

இந்த நால்வருக்கும் தேவைப்பட்டவை நான்கு வெவ்வேறு விடயங்கள். அவற்றில் ஒன்றையேனும் எந்த மென்பொருளாலும் கொடுக்க முடியாது. ஆசிரியரும் வகுப்பாசிரியரும் வீட்டாரும்தான் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்படும் சிக்கல்கள்

இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிக்கல்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது எழுத்துரு. நம்மில் பலர் பல வருடங்களாகத் தயாரித்து வைத்திருக்கும் குறிப்புகளும் வினாத்தாள்களும் பாமினி எழுத்துருவில் உள்ளவை. அவற்றை அப்படியே மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, பிறகே ஏற்ற வேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்பவர்கள் இன்றே யுனிகோடுக்கு மாறிவிடுவது நல்லது.

இரண்டாவது தமிழில் சுருக்க விடை. பிள்ளை எழுதும் ஒரு சொல்லை மென்பொருள் தானாகத் திருத்தும்போது ஓர் எழுத்து மாறினாலும் பிழை என்றே கணிக்கும். "மென்பொருள்" என்பதை "மென் பொருள்" என்று இடைவெளி விட்டு எழுதிய பிள்ளைக்கும் பூச்சியம்தான். தமிழ்ப் பாடங்களுக்குப் பல்தேர்வு, பொருத்துதல் வினாக்களைத் தானியங்கித் திருத்தலுக்கு விட்டுவிட்டு, எழுத்து விடைகளை ஆசிரியரே வாசிப்பதுதான் நீதி.

மூன்றாவது ஆசிரியரின் நேரம். நல்ல ஐந்து வினாக்கள் தயாரிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்படுகிறது. இதை ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியே செய்ய வேண்டியதில்லை. மூடிலில் வினா வங்கியை ஒரு கோப்பாக எடுத்து இன்னொரு பாடசாலையில் ஏற்றலாம். நமது மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. கிண்ணியாவில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் தயாரிப்பதை மூதூரில் பயன்படுத்தலாம், மூதூரின் கணித வினாக்களை நகரத்தில் பயன்படுத்தலாம். ஒரு பென்டிரைவ் போதும்.

பிள்ளைகளின் விபரம் ஓர் அமானிதம்

வழமையான வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவருடைய தொலைபேசி இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். நாற்பது உம்மாமாரின் இலக்கங்களை ஒரே பட்டியலாக நாமே வெளியிடுகிறோம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. கற்றல் முகாமைத்துவ முறைமையில் இலக்கம் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளின் பயனர் பெயர் அவர்களது சேர்விலக்கம்தான்.

புள்ளிகளும் அப்படியே. புள்ளிப் பட்டியலைப் படம் பிடித்துக் குழுவில் போடும் வழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. முதலாம் பிள்ளைக்கு அது மகிழ்ச்சி, கடைசிப் பிள்ளைக்கும் அதன் உம்மாவுக்கும் அது அவமானம். மென்பொருளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் புள்ளியை மட்டுமே பார்க்கும். ஒருவருடைய குறையை மறைப்பதைப் போதிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், பிள்ளைகள் விடயத்தில் அதை மறந்துவிடலாகாது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பாடசாலைக்கு யாராவது இலவசமாக மென்பொருள் தருகிறேன் என்று வந்தால், அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் மூன்று கேள்விகளாவது கேட்க வேண்டும். பிள்ளைகளின் விபரங்கள் எங்கே சேமிக்கப்படும்? யார் பார்ப்பார்கள்? நாம் விலகினால் அவற்றை அழித்துத் தருவீர்களா? தெளிவான பதில் கிடைக்காவிட்டால் இலவசமும் வேண்டாம்.

நோன்பு விடுமுறையும் ஒரு வாய்ப்பு

நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானில் விடுமுறை உண்டு. ஏனைய பாடசாலைகள் இயங்கும் காலத்தில் நாம் மூடுகிறோம். பின்னர் அதை ஈடுசெய்ய ஓடுகிறோம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வருடங்களில் இந்த இடைவெளி பிள்ளைகளைப் பாதிக்கிறது. இபாதத்துக்குரிய மாதத்தில் வகுப்பு நடத்தச் சொல்லவில்லை. நாளுக்கு ஐந்து மீட்டல் வினாக்கள், லுஹருக்கும் அஸருக்கும் இடையில் பத்து நிமிடம், அது போதும். இணையத்தில் இயங்கும் மூடில் தளமாயின், அதன் செயலியில் பாடத்தை ஒரு தடவை பதிவிறக்கி வைத்துக்கொண்டு டேட்டா இல்லாமலே வாசிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாக்களையும் செய்து பிறகு அனுப்பலாம். தொலைபேசி இல்லாத பிள்ளைகளுக்கு அதே வினாக்களை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி இல்லாமல் முதலாவது வழியைத் தொடங்கவே கூடாது.

பொருளை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பெரு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கும் பெரிய திட்டம் நடந்தது. 319 ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை. கணினி வந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை. தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டும், அவருடைய இடத்தைப் பிடிக்கக்கூடாது என்று 2023இல் யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் வலியுறுத்தியது.

நமது பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் வாழும் தனவந்தர்களும் பாடசாலைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக. ஆனால் கொடுப்பது பெரும்பாலும் பெயர்ப்பலகை தொங்கவிடக்கூடிய பொருளாகவே இருக்கிறது. ஸ்மார்ட் பலகை ஒன்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, இருக்கும் கணினிகளைத் திருத்தவும், ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வழங்கவும், பாடசாலை முடிந்த பின் கணினி அறையை ஒரு மணிநேரம் திறந்து வைப்பவருக்கு ஒரு கொடுப்பனவு வழங்கவும் ஒதுக்கினால் பயன் பன்மடங்காகும்.

தொடங்க விரும்பும் பாடசாலைக்கு என் ஆலோசனை சுருக்கமானது. ஒரு தரம், ஒரு பாடம், ஒரு தவணை. வட்ஸ்அப்பை அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ஆசிரியர் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமையுங்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை விட முன்னர் பத்து நிமிடம் ஒதுக்கி, அட்டவணையில் வெறுமையாக உள்ள பெயர்களை வகுப்பாசிரியரோடு இருந்து பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட ஆயத்தமில்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கியும் பயனில்லை.

அந்த மாணவி இவ்வருடம் தரம் 11. கணினி அறையில் செய்த வினாக்களில் ஒரு கட்டமும் வெறுமை இல்லை. வாசிக்கச் சிரமப்பட்ட பிள்ளைக்குத் தமிழ் டீச்சர் ஒருவர் கிழமையில் மூன்று நாள் காலைக் கூட்டத்துக்கு முன் வாசிப்புப் பயிற்சி கொடுக்கிறார். இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறது. ஆனால் இப்போது பின்வரிசையில் ஒளிந்திருக்கவில்லை, அது எங்கே நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.